துளை ஓரிடம், பேட் வேறிடம்: போர்டின் அடுக்குகளைப் பொருத்த எந்த வழி நல்லது?

இரண்டடுக்கு மின்சுற்று போர்டு (பிசிபி) ஒன்றை வரைந்து முடித்தாயிற்று. தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கெர்பர் கோப்புகளையும் (ஒவ்வோர் அடுக்கின் படம்) டிரில் கோப்பையும் (துளைகளின் இடங்கள்) எடுத்து, பார்வை மென்பொருளில் ஒன்றாகத் திறக்கிறீர்கள். மேல் செப்பு, கீழ்ச் செப்பு, சோல்டர் மாஸ்க் (பற்றாசு ஒட்டாமல் காக்கும் பூச்சு) எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக அமர்ந்திருக்கின்றன. துளைகள் மட்டும் கூட்டமாகக் கிளம்பிப் போய் போர்டின் வலப்பக்கக் கீழ்மூலைக்கு வெளியே நிற்கின்றன.

இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, மென்பொருளில் 'அடுக்குகளைப் பொருத்து' என்று ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடுவதுதான். அது தேவையே இல்லை. வரையும் திரையில் எல்லா அடுக்குகளும் ஒரே ஆயத்தளத்தில்தான் இருக்கின்றன. ஒரு வயாவை (இரு பக்கச் செப்பையும் இணைக்கும் துளையை) வைத்தால் அதன் மேல் வளையம், கீழ் வளையம், துளை மூன்றும் ஒரே புள்ளியில் பிறக்கின்றன. அவை பிரிவது கோப்புகளாக வெளியே வரும்போதுதான். ஒவ்வொரு கோப்பும் தன் எண்களை எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுகிறது, எந்த அலகில் எழுதுகிறது என்பதில் ஒருமைப்பாடு இல்லாவிட்டால் விலகல் வரும். ஆகவே நாம் எடுக்க வேண்டிய முடிவு, அந்த ஒருமைப்பாட்டை யார் பொறுப்பில் விடுவது என்பது: ஆரிஜினை (எண்ணத் தொடங்கும் சுழிப்புள்ளியை) தேர்ந்தெடுக்கும் நம் பொறுப்பிலா, எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சுமக்கும் கோப்பு வடிவத்திடமா, தயாரிப்பாளரிடமா, அல்லது கெட்ட பிறகு கையால் சரிசெய்யும் வழியிலா?

விலகலின் அளவைப் பார்த்தாலே அது யாருடையது என்று தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் துளை நகர்ந்திருந்தால் அது தொழிற்சாலையின் விலகல். அதை எந்த மென்பொருளும் ஒழிக்காது. அதற்காகத்தான் துளையைச் சுற்றிச் செப்பு வளையம் விடுகிறோம். 0.3 மி.மீ. துளைக்கு 0.6 மி.மீ. பேட் (துளையைச் சூழ்ந்த செப்புத் திட்டு) கொடுத்தால் சுற்றிலும் 0.15 மி.மீ. மிஞ்சுகிறது. ஐபிசி-6012 என்ற போர்டுத் தயாரிப்புத் தரநிலையின் இரண்டாம் வகுப்பு, துளை வளையத்தை விட்டு 90 பாகை அளவுக்கு வெளியேறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறது. மூன்றாம் வகுப்பு பொறுப்பதில்லை. ஆனால் ஐந்து மில்லிமீட்டரோ ஐம்பது மில்லிமீட்டரோ விலகி நின்றால் அது நம் கோப்பில் உள்ள கோளாறு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

அதிலும் மூன்று சாயல்கள் உண்டு. எல்லாத் துளைகளும் ஒரே திசையில் ஒரே தூரம் நகர்ந்திருந்தால் ஆரிஜின் பொருந்தவில்லை. கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலமோ மேல்கீழோ மாறியிருந்தால் யாரோ ஏதோ ஓர் இடத்தில் 'மிரர்' தெரிவைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டின் டிரில் உரையாடல் பெட்டியில் ஒய் அச்சைப் புரட்டும் தெரிவு ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே போர்டு செய்பவர்களுக்காக வைக்கப்பட்ட அதை, வெளியே கொடுப்பவர்கள் தொடவே கூடாது. மூன்றாவது சாயல்தான் புதியவர்களைக் குழப்புகிறது: துளைகள் மூலையில் போய்ச் சுருங்கிக் கிடக்கும், அல்லது பிரமாண்டமாக விரிந்து நிற்கும். சீராக 25.4 மடங்கு வேறுபாடு என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்துவிட்டன. சீராக இல்லாமல் கண்டபடி சிதறியிருந்தால் சுழியன்கள் தொலைந்திருக்கின்றன.

அந்தச் சுழியன் விவகாரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எக்ஸெல்லான் என்ற பழைய டிரில் வடிவம், துளையிடும் எந்திரங்கள் காகித நாடாவைப் படித்த காலத்தின் சிக்கனத்தை இன்னும் சுமக்கிறது. புள்ளி இல்லாமல் எண்களை எழுதும். புள்ளிக்கு முன் மூன்று இலக்கம், பின் மூன்று இலக்கம் என்பது இரு தரப்புக்கும் உள்ள உடன்பாடு. 20.5 மி.மீ. என்பது 020500 ஆகும். இதில் பின்னால் வரும் சுழியன்களை வெட்டினால் 0205 மிஞ்சும். படிக்கும் மென்பொருள், வெட்டப்பட்டவை முன்னால் இருந்த சுழியன்கள் என்று நினைத்துக்கொண்டால் அதை 0.205 மி.மீ. என்று படிக்கும். அதே கோப்பில் 8 மி.மீ. என்பது 008 என்று எழுதப்பட்டு 0.008 ஆகப் படிக்கப்படும். 31.75 மி.மீ. என்பதோ 03175 ஆகி 3.175 என்று வந்து நிற்கும். ஒன்று நூறில் ஒரு பங்கு, ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்று பத்தில் ஒரு பங்கு. இதை எவ்வளவு இழுத்தாலும் தள்ளினாலும் பேட்களோடு பொருத்தவே முடியாது. தசமப் புள்ளியோடு எழுதும் தெரிவை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும். கீகேட் இயல்பாகவே அப்படித்தான் எழுதுகிறது. வேறு மென்பொருளில் இருந்தால் இந்த ஓர் அமைப்பை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

தாளின் மூலையா, போர்டின் மூலையா?

இனி ஆரிஜின். அன்றாடத் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பதால் இதில் சற்று நேரம் செலவிடலாம். கீகேட்டை எடுத்துக்கொள்கிறேன், இலவசம் என்பதாலும், மாணவர்கள் முதல் சிறு நிறுவனங்கள் வரை பலர் கையில் இருப்பது அதுதான் என்பதாலும்.

கீகேட் தரும் இரண்டு தெரிவுகளில் ஒன்று 'அப்சொலூட்': வரைதாளின் மேல் இடமூலையிலிருந்து எண்ணுவது. மற்றொன்று 'டிரில்-பிளேஸ் ஆரிஜின்': நாமே ஒரு புள்ளியைத் திரையில் குறித்து, அங்கிருந்து எண்ணச் சொல்வது. 50-க்கு 40 மி.மீ. போர்டு ஒன்று தாளில் இருக்கிறது. அதன் கீழ் இடமூலை 100, 100 என்ற இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேட் 120, 75-இல் இருக்கிறது. அப்சொலூட் கணக்கில் கோப்பில் எழுதப்படுவது எக்ஸ் 120, ஒய் மைனஸ் 75. திரையில் ஒய் கீழ்நோக்கி வளர்கிறது, கெர்பரில் மேல்நோக்கி வளர்கிறது. அதனால்தான் அந்த மைனஸ். போர்டின் கீழ் இடமூலையை ஆரிஜினாக வைத்தால் அதே பேட் எக்ஸ் 20, ஒய் 25 ஆகிறது. இரண்டுமே சரிதான். கெர்பர் போர்டின் மூலையிலிருந்தும் டிரில் அப்சொலூட்டிலும் எழுதப்பட்டால் மட்டும், துளைகள் 100 மி.மீ. வலப்பக்கமும் 100 மி.மீ. கீழேயும் போய் நிற்கும்.

இவ்வளவு எளிய விஷயம் எப்படித் தவறுகிறது என்றால், தெரிவுகள் ஒரே இடத்தில் இல்லாததால்தான். கெர்பர் எடுக்கும் பெட்டியில் ஒரு கட்டம். அங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் திறக்கும் டிரில் பெட்டியில் வேறொரு தெரிவு. உதிரிகளைப் பொருத்தும் எந்திரத்துக்கான நிலைக்கோப்பில் இன்னொரு கட்டம். முப்பரிமாணக் கோப்பு எடுத்தால் அங்கே இன்னொன்று. நான்கு கதவுகளுக்கு நான்கு பூட்டு வைத்துவிட்டு, ஏன் திறந்துகிடந்தது என்று கேட்டால் என்ன செய்வது! ஒரு பெட்டியில் மாற்றினால் மற்றவற்றில் எச்சரிக்கை காட்டியிருக்கலாம் என்பது என் நெடுநாள் குறை.

அப்சொலூட்டின் பெரிய சிறப்பு, எதையும் தொட வேண்டியதில்லை என்பது. எதையும் மாற்றாதவன் எதையும் கெடுப்பதில்லை. போர்டை வெளியே கொடுத்து வாங்குவது மட்டுமே நோக்கம் என்றால், எண்கள் மைனஸாக இருந்தால் தயாரிப்பாளருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பொதுவாக அவர்களுடைய மென்பொருள் போர்டின் எல்லைக்கோட்டைக் கொண்டு எல்லாவற்றையும் தன் விருப்பப்படி நகர்த்தி, பெரிய பேனலில் அடுக்கிக்கொள்ளும். இதன் குறை வேறு இடத்தில் தெரியும்: வரைபடத்தில் போர்டைத் தாளின் நடுவுக்கு நகர்த்தி அழகுபடுத்தினால் எல்லா எண்களும் மாறிவிடும். நேற்று எடுத்த செப்புக் கோப்பையும் இன்று எடுத்த டிரில் கோப்பையும் ஒரே ஜிப்பில் போட்டு அனுப்பினால் கதை முடிந்தது.

போர்டின் மூலையை ஆரிஜினாக வைப்பதன் சிறப்பு, எண்களை மனிதர் படிக்க முடியும் என்பது. எக்ஸ் 20, ஒய் 25 என்றால் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். சிஎன்சி எந்திரத்தில் அரைத்து எடுப்பவர்கள், உதிரிகளைப் பொருத்தும் எந்திரம் ஓட்டுபவர்கள், சோதனை ஜிக் செய்பவர்கள் என்று எண்களைக் கையாளும் எவருக்கும் இது வரப்பிரசாதம். போர்டைத் தாளில் எங்கே நகர்த்தினாலும் ஆரிஜினையும் கூடவே தேர்ந்தெடுத்து நகர்த்தினால், அல்லது நகர்த்திய பிறகு மறக்காமல் மூலையில் திரும்ப வைத்தால், பழைய கோப்புகளோடும் ஒத்துப்போகும். அந்த மறதிதான் இதன் குறை.

என் முடிவு இது. ஒருமுறை செய்யும் போர்டு, வெளியே கொடுத்து வாங்குவது, உதிரிகளை நீங்களே பற்றவைப்பது என்றால் அப்சொலூட்டிலேயே விட்டுவிடுங்கள். எந்தக் கட்டத்தையும் தொட வேண்டாம். எண்களை வேறொரு மனிதரோ எந்திரமோ படிக்கப்போகிறது என்றால் போர்டின் கீழ் இடமூலையில் ஆரிஜினை வைத்து, எல்லாப் பெட்டிகளிலும் அதையே தேர்ந்தெடுங்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு முதல் வழியைச் சொல்வேன். அடிக்கடி போர்டு போடும் கடைக்கு இரண்டாவதை.

இரண்டாவதை எடுப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த கீகேட் 9-இல் 'ஜாப்செட்' என்ற ஏற்பாடு சேர்ந்தது. கெர்பர், டிரில், நிலைக்கோப்பு எல்லாவற்றுக்குமான அமைப்புகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை ஒரே சொடுக்கில் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆரிஜின் தெரிவு இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருமுறை சரியாக வைத்தது கைதவறி மாறும் வாய்ப்பு குறைகிறது. நேற்றைய கோப்பும் இன்றைய கோப்பும் கலப்பதும் நின்றுவிடுகிறது. கட்டளை வரியில் பழகியவர்கள் கீகேட் 7 முதல் உள்ள கட்டளைக் கருவியால் இதையே செய்யலாம்.

மற்ற மென்பொருள்களில் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. ஆல்டியத்தில் கெர்பர் அமைப்பின் உள்ளே 'ஃபிலிமில் எந்த இடம்' என்ற பகுதி உண்டு: அப்சொலூட் ஆரிஜின், ரிலேடிவ் ஆரிஜின், ஃபிலிமின் நடு என்று மூன்று தெரிவுகள். டிரில் அமைப்பிலோ முதல் இரண்டு மட்டும்தான். 'ஃபிலிமின் நடு' என்பதைத் தொட்டவர்களுக்கு டிரிலில் அதற்கு இணை இல்லை என்பது பிறகுதான் தெரியவரும். ஈகிளில் கேம் பணியின் (தயாரிப்புக் கோப்புகளை எடுக்கும் பணியின்) ஒவ்வொரு பகுதிக்கும் தனி அமைப்புகள் உண்டு; எதிர்மறை எண்களைத் தவிர்க்கப் படத்தை அச்சுகளை நோக்கித் தள்ளும் தெரிவை ஒரு பகுதியில் வைத்து இன்னொன்றில் விட்டால் விலகல் நிச்சயம். 2026 ஜூன் 7-க்குப் பின் ஈகிளுக்கு ஆதரவு இல்லை என்று ஆட்டோடெஸ்க் 2023-இலேயே அறிவித்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனித்தால் போதும். ஈஸிஈடிஏ வேறு துருவம். தயாரிப்புக் கோப்பு என்று கேட்டால் செப்பும் துளையும் சேர்ந்த ஒரே ஜிப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. தெரிவு கொடுக்காததே அதன் பலம். பொருத்தம் ஒன்றே கவலை என்றால் அதுவே போதும். ஆனால் நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக நினைப்பவர் மற்ற காரணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டாக அனுப்பினால்?

இத்தனை பெட்டிகளில் இத்தனை கட்டங்களைப் பார்க்கும்போது, எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் போனால் இந்தப் பேச்சே எழாதே என்று தோன்றும். உண்மைதான். அப்படிப்பட்ட வடிவங்கள் நெடுநாளாகவே இருக்கின்றன. இஸ்ரேலின் வேலர் நிறுவனம் உருவாக்கிய ஓடிபி பிளஸ் பிளஸ், 2010-இல் மென்டர் கிராஃபிக்ஸ் கைக்கும், பின்னர் 2017-இல் சீமென்ஸ் கைக்கும் போனது. ஐபிசி-2581 என்பது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்லாத திறந்த தரநிலை. இரண்டிலும் அடுக்குகளின் வரிசை, துளைகள், எந்தச் செப்பு எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதெல்லாம் ஒரே ஆயத்தளத்தில், ஒரே கட்டில் இருக்கும். கீகேட்டில் ஐபிசி-2581 எட்டாம் பதிப்பிலும் ஓடிபி பிளஸ் பிளஸ் ஒன்பதாம் பதிப்பிலும் வந்தன. இன்று காசு கொடுக்காமலே இவற்றை எடுக்கலாம்.

எட்டடுக்கு, பன்னிரண்டு அடுக்கு போர்டுகள், நடு அடுக்குகளில் மட்டும் புதைந்த வயாக்கள் என்று போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இவற்றில் ஒன்றைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே ஒவ்வொரு அடுக்குச் சோடிக்கும் ஒரு டிரில் கோப்பு இருக்கும். எந்தக் கோப்பு எந்த அடுக்கு என்று பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலையே பெரிய ஆபத்து. இரண்டடுக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், குறைந்த விலைக்கு இணையத்தில் போர்டு செய்து தருகிறவர்களில் பலரும் கெர்பர் ஜிப்பைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அவர்களிடம் வேறு வடிவத்தைக் கொடுத்தால் மின்னஞ்சலில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

கெர்பரும் இந்தக் குறையை உணராமல் இல்லை. அந்த வடிவத்தைப் பராமரிக்கும் பெல்ஜியத்தின் யுகாம்கோ நிறுவனம் எக்ஸ்2 என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு கோப்பும் தான் மேல் செப்பு, தான் கீழ் மாஸ்க் என்று தன்னைத்தானே அறிவிக்கும். நம் பேச்சுக்கு முக்கியமானது 'சேம் கோஆர்டினேட்ஸ்' என்ற குறிப்பு: ஒரே அடையாளம் தாங்கிய கோப்புகள் எல்லாம் ஒரே ஆயத்தளத்தைச் சேர்ந்தவை என்று சொல்வது. கீகேட் எடுக்கும் கெர்பரை உரைத் தொகுப்பியில் திறந்தால் முதல் சில வரிகளிலேயே இது தென்படும். அப்சொலூட் என்றால் 'ஒரிஜினல்' என்று எழுதியிருக்கும். ஆரிஜினை நாமே வைத்திருந்தால் அந்தப் புள்ளியின் ஆயங்கள் பதினாறடிமான எண்களாக நிற்கும். இரண்டு கெர்பர் கோப்புகளைத் திறந்து இந்த வரியை ஒப்பிட்டாலே ஆரிஜின் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். படம்கூடப் பார்க்க வேண்டாம். துளைகளையும் எக்ஸெல்லானுக்குப் பதில் கெர்பர் எக்ஸ்2 வடிவிலேயே எழுத முடியும். சுழியன் தொல்லைக்கும் அதோடு முழுக்கு. தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்வாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, மூலக் கோப்பையே கொடுத்துவிடுவது. அமெரிக்காவின் ஓஎஸ்எச் பார்க், ஐரோப்பாவின் ஐஸ்லர் போன்றவர்கள் கீகேட் போர்டு கோப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். கோப்பு எடுக்கும் வேலையே அவர்கள் பக்கம் போய்விடுகிறது. பொருத்தம் அவர்கள் கவலை. ஆனால் கீகேட்டின் புதிய பதிப்பு வந்த சில வாரங்களில் உங்கள் கோப்பை அவர்களுடைய அமைப்பு ஏற்காமல் போகலாம். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வடிவமைப்பை முழுதாக வெளியே கொடுக்க ஒப்பந்தம் இடம் தராமலும் இருக்கலாம். சொந்தப் பொழுதுபோக்குக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தயாரிப்பாளரே பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்று கெர்பரைக் குறையோடு அனுப்புவதை மட்டும் ஒரு வழியாக எண்ண வேண்டாம். சிலர் பேசாமல் துளைகளை நகர்த்திப் பேட்களில் உட்காரவைத்து அனுப்புவார்கள். சிலர் ஆர்டரை நிறுத்திவைத்துக் கேள்வி அனுப்புவார்கள். பதில் போகும்வரை நாள் ஓடும். சிலர் கொடுத்ததைக் கொடுத்தபடியே துளையிட்டுத் தருவார்கள். மூவரில் யார் உங்களுக்கு வாய்ப்பார் என்பது போர்டு வந்த பிறகுதான் தெரியும்.

கெட்ட பிறகு நகர்த்துவது

மூலக் கோப்பு கையில் இருக்கும்வரை, பார்வை மென்பொருளில் அடுக்கை இழுத்துப் பொருத்துவது வீண் வேலை. ஆரிஜினைச் சரிசெய்து திரும்ப எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் பழைய பொருள் ஒன்றின் கெர்பர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, வரைந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மூலம் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்ற நிலை எல்லா நிறுவனங்களிலும் ஒருநாள் வரும். அப்போது ஜெர்ப்வி போன்ற இலவச மென்பொருளில் ஓர் அடுக்கைத் தேர்ந்தெடுத்து நகர்த்தவும், அளவை மாற்றவும், சுழற்றவும், புரட்டவும் முடியும்.

கண்ணளவில் இழுக்காமல் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். போர்டின் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு திருகுத் துளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துளைக்கும் அதன் பேட்டுக்கும் இடையே எக்ஸ், ஒய் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதற்கும் அதையே செய்யுங்கள். இரண்டு இடங்களிலும் வேறுபாடு ஒன்றேயானால் வெறும் நகர்வு. அந்த எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. வேறுபட்டால் அளவோ அலகோ தவறு. அதை நகர்த்திச் சரிசெய்ய முயன்றால் ஒரு மூலை பொருந்தும்போது மறுமூலை விலகும். சுழியன் அமைப்பையோ அலகையோ மாற்றிக் கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும். ஒரே ஒரு துளையை வைத்துப் பொருத்திவிட்டு 'சரியாகிவிட்டது' என்று அனுப்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

கெர்பரும் இல்லை, பழைய போர்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் இரு பக்கமும் ஸ்கேன் செய்து அதன்மேல் வரைய வேண்டியதுதான். கீகேட் 7 முதல் போர்டு திரையிலேயே பின்னணிப் படம் வைக்க முடிகிறது. ஜெர்மனியின் அபாகாம் நிறுவனத்தின் ஸ்பிரிண்ட் லேஅவுட் இந்த வேலைக்கு நீண்டகாலமாகப் பெயர்போனது. கீழ்ப்பக்கப் படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டு, அளவைச் சரிபார்க்க நீளமான ஓர் ஐசியைப் பிடியுங்கள். 40 கால் ஐசியில் ஒரு வரிசையின் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 19 இடைவெளி; ஒவ்வொன்றும் 2.54 மி.மீ. ஆக 48.26 மி.மீ. அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்திருந்தால் படத்தில் அது 1,140 புள்ளிகளாக இருக்க வேண்டும். படங்கள் இரண்டையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த மணிக்கணக்கில் மல்லாட வேண்டியதில்லை. மென்பொருளின் நூலகத்திலிருந்து ஐசியின் ஃபுட்பிரிண்டை (அதன் கால்களுக்கான பேட் அமைப்பை) எடுத்து வைத்த கணமே அதன் துளைகளும் இரு பக்கப் பேட்களும் துல்லியமாக ஒரே இடத்தில் பிறந்துவிடுகின்றன. படம் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டினால் போதும்.

வீட்டில் இரு பக்கப் போர்டு

வீட்டில் அமிலத்தில் அரித்து எடுப்பவர்களுக்கு மென்பொருளின் பொருத்தம் பாதிதான். மீதி கையில் இருக்கிறது. முதலில் ஒரு கேள்வி: இரண்டு பக்கம் உண்மையிலேயே வேண்டுமா? மேல் பக்கத்தில் நான்கைந்து கம்பிகள் மட்டுமே ஓடுகின்றன என்றால், ஒரு பக்கப் போர்டில் ஜம்பர் கம்பி போட்டுவிடுவது எல்லா வகையிலும் மேல். இந்த யோசனையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் முதல் போர்டை விலகலோடு எடுத்த பிறகு வந்து பேசட்டும்.

வேண்டும்தான் என்றால், பேட்களைத் தாராளமாக வையுங்கள். 2 மி.மீ. பேட்டில் 0.8 மி.மீ. துளை என்றால் சுற்றிலும் 0.6 மி.மீ. இடம் இருக்கிறது; கை கொஞ்சம் நடுங்கினாலும் பிழைக்கும். லேசர் அச்சைச் சூட்டால் செப்புக்கு மாற்றும் டோனர் முறையில் கீழ்ச் செப்பை அப்படியே அச்சிட வேண்டும், மேல் செப்பைப் புரட்டி அச்சிட வேண்டும். மென்பொருள் இரண்டையும் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாகவே காட்டுகிறது. தாளிலிருந்து செப்புக்கு மாறும்போது படம் ஒருமுறை தானே புரண்டுவிடுகிறது. அச்சிட்டதும் 100 மி.மீ. கோடு ஒன்றை அளந்து பாருங்கள். லேசர் அச்சுப்பொறிகள் நீளவாக்கில் சற்றுக் கூட்டியோ குறைத்தோ விடுவதுண்டு.

ஒளி உணர் பூச்சும் ஃபிலிமும் பயன்படுத்துபவர்களுக்கு உறை முறை நல்லது. இரண்டு ஃபிலிம்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பேட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து, இரண்டு ஓரங்களில் ஒட்டி, நடுவே போர்டைச் செருகுவது. ஃபிலிம் ஒளிபுகும் என்பதால் பொருத்தம் கண்ணுக்கு நேரே தெரியும். டோனர் காகிதத்தில் இது அவ்வளவு சுகப்படாது. காகிதம் மங்கலானது, சூட்டில் சுருங்கவும் செய்யும். அதற்கு நான் சொல்வது: ஒரு பக்கத்தை முடித்து, மறுபக்கத்தை டேப்பால் மூடி அரித்து, மூன்று மூலைகளில் மெல்லிய துளையிட்டு, அந்தத் துளைகளில் ஊசியைச் செருகி மறுபக்கக் காகிதத்தை உட்காரவைப்பது. நேரம் இரட்டிப்பாகும், பொருத்தம் நிச்சயம்.

சிறு சிஎன்சி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வேலை உண்மையில் இனிக்கும். ஃபிளாட்கேம் போன்ற மென்பொருளில் இரு பக்கப் போர்டுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. புரட்டும் அச்சைச் சொன்னால், பொருத்தும் துளைகளை அதுவே சோடி சோடியாகக் கணக்கிட்டுத் தரும். நம் 50 மி.மீ. அகலப் போர்டில் அச்சு எக்ஸ் 25-இல் செங்குத்தாக நிற்கிறது. போர்டுக்கு வெளியே, செப்புத் தகட்டின் ஓரத்தில், எக்ஸ் மைனஸ் 5, ஒய் 20-இல் ஒரு துளை என்றால் அதன் இணை எக்ஸ் 55, ஒய் 20-இல் விழும். இரண்டையும் தகட்டைத் துளைத்து அடிப்பலகைக்குள்ளும் இறங்கும்படி இடுங்கள். முதல் பக்கம் முடிந்ததும் தகட்டைப் புரட்டி, அதே துளைகளில் முளை அடித்தால் இரண்டாம் பக்கம் தானே பொருந்தி நிற்கும். இங்கே போர்டின் மூலை ஆரிஜினாக இருப்பதன் அருமை தெரியும்: அச்சு எங்கே என்பது மனக்கணக்கு. அப்சொலூட்டில் எடுத்திருந்தால் அதே அச்சு எக்ஸ் 125-இல் இருக்கும், ஒய் எல்லாம் மைனஸில் ஓடும், எந்திரத்தின் சுழிப்புள்ளியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். புரட்டிய பிறகு எந்திரத்தின் எக்ஸ், ஒய் சுழிப்புள்ளியைத் தொட வேண்டாம். உயரத்தை மட்டும் மறுபடி அமைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.